மூச்சு முட்டுவது எதனால்?

வயல்கிணற்றில் முங்கு நீச்சல் பழகியவர்களுக்கு அந்தக் கணம் நன்றாகத் தெரியும். தண்ணீருக்கடியில் முதலில் ஒன்றும் தோன்றாது. சற்று நேரத்தில் நெஞ்சு நெருக்கும், வயிறு தானாகத் துடிக்கும், அப்புறம் தலையை வெளியே நீட்டியே ஆகவேண்டும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் பெரும்பாலும் அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும். நம்மை மேலே விரட்டுவது, வெளியேற வழியின்றித் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு.

மூச்சை இழுக்கும் வேலை நுரையீரலுடையது அல்ல. தானாக விரிவதற்கான தசை அதற்குக் கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்குகிறது, விலா எலும்புகள் உயர்கின்றன, நெஞ்சுக்கூடு பெரிதாகிறது. உள்ளே அழுத்தம் துளியளவு குறைந்ததும் காற்று நுழைகிறது. ஓய்வில் இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர். வெளிவிட உழைப்பே தேவையில்லை, விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளிவருவதில் சுமார் 16. நாம் வெளிவிடும் காற்றை வாய்வழியாக ஊதி இன்னொருவரைப் பிழைக்கவைக்க முடிவது இதனால்தான்.

இதயத்துக்குத் துடிப்பு தனக்குள்ளேயே பிறக்கிறது. மூச்சுத் தசைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் கட்டளை அனுப்பியாக வேண்டும். உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுபட்டால் மூச்சு நின்றுபோவது அதனால்தான். தாளத்தைப் பிறப்பிக்கும் சிறு நரம்பணுக் கூட்டத்தை ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் 1991இல் அடையாளம் காட்டினார்கள். எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய துண்டு, உடம்பே இல்லாமல் ஆய்வகக் கிண்ணத்தில் மூச்சுத் தாளத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தது. 'ப்ரீ பாட்ஸிங்கர்' என்பது அந்தப் பகுதியின் பெயர். ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில் மேசையிலிருந்த ஒயின் பாட்டிலைப் பார்த்து வைத்தது!

தாளம் இருந்தால் போதாது. எப்போது வேகமாக, எவ்வளவு ஆழமாக என்பதையும் யாராவது சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் வெளியிட்ட முடிவு அதற்கு விடை சொன்னது. நுரையீரலின் நுண்ணறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே, அங்கே போய்வரும் காற்றின் அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. ஆக்சிஜனையோ நிறையக் குறைத்தால்தான் உடம்பு அசைந்துகொடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகும். முகுளத்திலுள்ள உணர்விகள் அளப்பது அந்த அமிலத்தைத்தான்.

ஆக்சிஜனுக்குக் காவலே இல்லை என்று அர்த்தமில்லை. கழுத்துத் தமனி கிளைபிரியும் இடத்தில், இரண்டு பக்கமும், அரிசி மணியளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பங்கைக் கண்டறிந்ததற்காகக் கார்னீல் ஹேமன்ஸுக்கு 1938இன் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது சோம்பேறிக் காவலாளி. தமனி ரத்தத்தில் 100 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 60 வரை இறங்கிய பிறகுதான் உரக்கக் குரல் கொடுக்கும். லே போன்ற உயரமான ஊரில் இறங்கியதும் மூச்சு வேகமாவது இதன் வேலை. வேகமாக விடும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறிவிட, 'போதும், நிறுத்து' என்கிறது முகுளம். இந்த இழுபறியில்தான் முதல் சில இரவுகளில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார்.

இந்த ஏற்பாட்டை ஏமாற்றுவது எளிது, ஆபத்தும் அங்கேதான். தண்ணீரில் குதிக்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டால் அதிக நேரம் தம் கட்டலாம் என்று பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். தம் கட்ட முடிவது உண்மைதான். ஆனால் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறக்குறைய முழுக்க ஆக்சிஜனால் நிரம்பியிருப்பதால் புதிதாகச் சேர்வது சொற்பம். குறைந்தது கார்பன் டை ஆக்சைடு, அதாவது எச்சரிக்கை மணி. மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அவஸ்தையும் தெரியாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி மூழ்கிப்போகிறார்கள்.

ஆக்சிஜன் இல்லாத இடத்துக்குள் இறங்குபவருக்கும் இதே கதிதான். அங்கே மூச்சு தாராளமாகப் போய்வருவதால் கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்காது, மூச்சு முட்டாது. சில மூச்சுகளிலேயே சுருண்டு விழுவார். மூடிக்கிடந்த கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒருவரைத் தூக்கப்போய் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்துகொள்கிறது. அளவு கூடினால் அழுகிய முட்டை நாற்றத்தை உணரும் திறனையே அது மழுங்கடித்துவிடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பிப் பயனில்லை. ஹைட்ரஜன் சல்பைடை விளக்கு காட்டிக்கொடுக்காது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

கார்பன் டை ஆக்சைடை உணரும் திறன் பிறவியிலேயே இல்லாதவர்களும் உண்டு. ஃபாக்ஸ்2பி (PHOX2B) என்ற மரபணுவில் ஏற்படும் பிழையே காரணம். விழித்திருக்கும்போது ஓரளவு சமாளித்துக்கொள்ளும் இந்தக் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு குறைந்துவிடும். இரவெல்லாம் வென்டிலேட்டர் தேவை. இவர்கள் தண்ணீருக்கடியில் மூச்சடக்கும் விளையாட்டில் சேரக்கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். மற்றப் பிள்ளைகளை மேலே துரத்தும் அந்த நெருக்கல் இவர்களுக்கு வருவதே இல்லை.