பிரஷர் மாத்திரை வாசலுக்கே வரும், பெயர் பதிவில் இருந்தால்

"நேத்து ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டார், காலையில பார்த்தா வாய் கோணிக்கிச்சு." வடசென்னையில் காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை பக்கவாதம் பற்றிய பேச்சு இப்படித்தான் தொடங்கும். ஆனால் அந்த ராத்திரிக்குப் பின்னால் பெரும்பாலும் பல வருஷத்துப் பிரஷர் இருக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும் பக்கவாதம்தான், வெடித்துக் கசிந்தாலும் பக்கவாதம்தான். இரண்டுக்கும் முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். சர்க்கரை, புகை, குடி, கெட்ட கொழுப்பு, தாறுமாறான இதயத் துடிப்பு எல்லாம் அதோடு கூட்டுச் சேர்பவை.

பிரஷர் ஏறினால் தலை சுற்றும், நமக்கே தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தால்தான் உண்டு. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை.

30 வயது தாண்டிய யாரும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், நம் பேச்சில் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில், பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் தோது. 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. சாயங்காலமும் டாக்டர் இருக்கும்படிதான் அவற்றை அமைத்தார்கள், மூட்டை தூக்குகிறவரும் ஒரு நாள் கூலியை விட வேண்டாம். மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனியில் இருப்பவர்கள், வேலை செய்யும் இடத்துக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கும் அரசுத் திட்டமான தொழிலாளரைத் தேடி மருத்துவத்தில் தங்கள் கம்பெனிக்கு ஆள் வருகிறார்களா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அப்படித்தான். உறுதியானால் பெயர் பதிவாகும், கையில் ஒரு நோட்டு வரும். மக்களைத் தேடி மருத்துவம் உங்களைத் தேடி வருவது இந்தப் பதிவுக்கு அப்புறம்தான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், 45 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் பிரஷர், சுகர் மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டிலேயே கொடுப்பார். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா திண்ணையில் உட்கார்ந்ததும் மாத்திரையைக் கொடுக்க மாட்டார். முதலில் பழைய அட்டையைக் கேட்பார். பத்து மாத்திரை மிச்சமிருந்தால், "ஏன் ஆயா, யாருக்கு சேர்த்து வைக்கிறே?" என்பார். ஆயா சிரித்துச் சமாளிக்கும்.

அந்தப் பத்து மாத்திரையில்தான் எல்லாம் இருக்கிறது. பிரஷர் 130-க்கு வந்துவிட்டதாம், அதனால் நிறுத்திவிட்டாராம். மாத்திரை போட்டதால்தான் 130, விட்டால் மறுபடி ஏறும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவோ பாதியாக உடைத்துப் போடவோ கூடாது. "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்பது அடுத்த சாக்கு. இவற்றை வாங்கித் தருவது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வந்து இறங்கும் மருந்தை ஆய்வகத்தில் சோதித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் இங்கே தரும் அம்லோடிபினும் ஒரே மருந்து.

உப்பு பற்றி எங்கள் பக்கம் பேசுவது கஷ்டம்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாட்டுக் குழம்பு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. கருவாட்டை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வையுங்கள், அந்த நாளில் அப்பளம் வேண்டாம்.

இத்தனைக்கும் மீறி வந்துவிட்டால்? முகம் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். இதில் ஒன்று இருந்தாலும் 108. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு. அதனால் ஸ்கேனும் நரம்பியல் பிரிவும் உள்ள ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.ஹெச். மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். தெருமுனை கிளினிக்கில் நின்று நேரத்தை விடாதீர்கள். வாயில் தண்ணீர், சோடா, பிரஷர் மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் மூச்சுக்குழாயில் போய்விடும். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போங்கள், பெரிய தாக்குதலுக்கு முன்னோட்டமாக அப்படி வருவதுண்டு.

தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை, ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் விசாரிக்கலாம். நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு அலையாமல் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

வாதம் வந்து வீட்டோடு இருப்பவருக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுப்பதும் மக்களைத் தேடி மருத்துவத்தில் உண்டு. பல வீடுகளில் இது தெரியாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு காப்பியை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துக் கேளுங்கள். வாடகை வீடு மாறினாலும் அப்படித்தான். கொருக்குப்பேட்டையிலிருந்து கொடுங்கையூருக்குப் போய்விட்டால் பழைய தெரு அக்கா அங்கே வர மாட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு புது ஏரியா நிலையத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், கையிலிருக்கும் மாத்திரை அட்டை தீர்வதற்குள்.