ஒப்பரேஷனுக்கு முன்: அம்மா எத்தனை படி ஏறுவா?

வயதானவருக்கு ஒப்பரேஷன் என்று முடிவானதும் வீட்டார் ஒரு பை நிறைய ரிப்போர்ட் கொண்டுவருவார்கள். ஈசிஜி, எக்கோ, சீனி, கிரியேட்டினின், நெஞ்சு எக்ஸ்ரே. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரான எனக்கு அவை வேண்டும்தான். ஆனால் இந்த உடலில் தாங்குசக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அவற்றில் எதுவும் சொல்லாது.

ஒரே வயது, ஒரே நோய், ஒரே ஒப்பரேஷன். ஒருவர் இரண்டு மூன்று நாளில் வார்ட்டில் எழுந்து நடக்கிறார். மற்றவர் நினைவு தடுமாறி, நெஞ்சில் சளி கட்டி, கட்டிலோடு கிடக்கிறார். பல நேரம் வித்தியாசம் உடல் நலிவில்தான் இருக்கிறது. தசை கரைந்து, பசி குறைந்து, நடை தளர்ந்த நிலை அது. வயதை வைத்து இதைக் கணிக்க முடியாது. 80 வயதில் காலிமுகத்திடலில் வீசி நடப்பவர்கள் இருக்கிறார்கள். 65இல் கதிரையை விட்டு எழும்ப ஆள் தேடுபவர்களும் இருக்கிறார்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கதிரையிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வேன். 12 செக்கனுக்கு மேல் போனால் கவனமாகிவிடுவேன். கையால் எவ்வளவு பலமாக இறுக்கிப் பிடிக்கிறார் என்று பார்ப்பேன். ஒரு வருடத்தில் தானாக 4, 5 கிலோ குறைந்திருக்கிறதா என்று கேட்பேன். சாரத்தை இறுக்கி இறுக்கிக் கட்டுகிறார் என்றால் அதுவும் பதில்தான். கனடாவில் ரொக்வூட் குழுவினர் 2005இல் வெளியிட்ட நலிவு அளவுகோல் இப்போது 1 முதல் 9 வரை போகிறது. காசு கணக்கு, வெளிப்பயணம் போன்றவற்றுக்கு உதவி தேவைப்பட்டால் 5. குளிக்கவும் படி ஏறவும் துணை வேண்டுமென்றால் 6. இன்றைய வருத்தத்தோடு பார்க்காமல், இரண்டு கிழமைக்கு முன் எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். எங்கள் வீடுகளில் பாசம் நலிவை மறைத்துவிடும்.

“அம்மா படி ஏறுவாவா?”

“லிஃப்ட் இருக்கு டொக்டர்.”

“சமைப்பாவா?”

“நாங்கள் ஒண்டும் செய்ய விடுறேல்லை.”

விடுவதில்லையா, முடியவில்லையா? வெள்ளவத்தை மாடி வீட்டில் தேத்தண்ணீர் கைக்கு வருகிறது, குளிக்க மகள் வார்க்கிறாள். அம்மா கடைசியாக எப்போது தனியாக எழுந்தா என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. “நல்லா இருக்கிறா” என்று அவர்கள் மனதாரச் சொல்கிறார்கள். அதை நம்பித் திட்டம் போட்டால் அம்மாதான் பாடுபடுவா.

நலிவு இருந்தால் ஒப்பரேஷன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இடுப்பு எலும்பு முறிந்தால் காத்திருப்பதுதான் ஆபத்து. அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும். அவசரமில்லாத ஒப்பரேஷன் என்றால் நாலைந்து கிழமை கையில் இருக்கும், அதை வீணாக்காதீர்கள். தினமும் கதிரையில் எழுந்து உட்காரும் பயிற்சி, கொஞ்சம் நடை. கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, மீன், பருப்பு, கடலை. சிறுநீரக வருத்தம் இருந்தால் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு. நித்திரைக் குளிசையும், தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசையும் ஒப்பரேஷனுக்குப் பின் வரும் நினைவுக் குழப்பத்தைக் கூட்டக்கூடும். அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வார்ட்டுக்குக் கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றும் கூடவே போகட்டும். ஆட்களைக் கண்டும் கேட்டும் பழகிய முகத்தோடு பேசியும் இருப்பவருக்கு அந்தக் குழப்பம் வரும் வாய்ப்புக் குறைவு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கிளினிக்குக் கூட்டிவர, சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் மருமகனைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறீர்கள். அவர் வரட்டும். ஆனால் தினமும் குளிக்க வார்ப்பவர், இரவில் கழிவறைக்குக் கைபிடித்துப் போகிறவர் யாரோ அவரும் வரவேண்டும். கிளினிக் கொப்பியோடு, வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.