வலைக்கடியனின் பங்காளிகள் நம் கடலைக்காட்டில்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரியிலும் கிணற்றிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தண்ணிப்பாம்பு புதிதல்ல. கடித்தால் வலிக்கும், ரத்தம் வரும், ஆனால் விஷம் கிடையாது. அதனாலேயே தண்ணீரில் நீந்தும் பாம்பெல்லாம் சாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த நம்பிக்கையோடு கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கிய பாம்பைக் கையில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கடல் பாம்புக்கும் ஏரித் தண்ணிப்பாம்புக்கும் நெருங்கிய உறவு இல்லை. கடல் பாம்பின் பங்காளிகள் நம் கடலைக்காட்டில் எலி தேடும் நல்லபாம்பும், இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் கட்டுவிரியனும்தான்.

இந்த மூன்றும் எலாப்பிடே என்ற ஒரே குடும்பம். மேல்தாடையின் முன்புறம் மடங்காமல் நிற்கும் குட்டையான விஷப்பற்கள் இந்தக் குடும்பத்தின் அடையாளம். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் பல் நீளம், வாயை மூடும்போது மடங்கிக்கொள்ளும். அவை வைப்பரிடே என்ற வேறு குடும்பம். பாம்பு எங்கே வாழ்கிறது என்பதை விட, யாருடைய வழியில் வந்தது என்பதே வகைப்பாட்டில் முக்கியம். இதைப் புரிந்துகொள்ளக் கடல் பாம்பை விட நல்ல பாடம் இல்லை என்பேன்.

தரையில் வாழ்ந்த எலாப்பிடே பாம்புகள் கடலுக்குள் இறங்கியது ஒரே முறை நடந்ததல்ல. லாட்டிகாடா எனப்படும் கடல் கட்டுவிரியன்கள் தனி வழியாக இறங்கின. அவை இன்றும் முட்டையிடக் கரைக்கு வருகின்றன. அடிவயிற்றில் அகலமான செதில்கள் இருப்பதால் தரையில் ஊர்ந்து போகவும் முடியும். மற்றக் கடல் பாம்புகளின் முன்னோர்கள் ஆஸ்திரேலியப் பகுதியில், குட்டி போடும் தரைப்பாம்புகளிலிருந்து கிளைத்தவை. அறுபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகிய இவை கடலிலேயே குட்டி போடுகின்றன. முட்டைக்காகக் கரையேறும் தேவையே இல்லாததால் அடிவயிற்றுச் செதில்கள் சுருங்கிவிட்டன. அலை ஒதுக்கிய பாம்பு மணலில் நகராமல் கிடப்பது அதனால்தான். சாது என்றோ செத்துவிட்டது என்றோ அதைத் தொட்டுவிடக் கூடாது.

நம் கரையில் கவனிக்க வேண்டியது மீனவர்கள் வலைக்கடியன் என்று சொல்லும் பாம்பு. மேல் உதடு அலகு போல வளைந்திருக்கும், உடல் சாம்பல் நிறம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். தெளிந்த ஆழ்கடலை விட ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு கலந்த ஆழமில்லாத கடலும் முகத்துவாரமும்தான் இதற்குப் பிடித்த இடம். ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து ஓடும் காவிரி கடைசியில் சேரும் சோழமண்டலக் கடலோரம் நெடுக இது உண்டு. கெளுத்தியும் பேத்தையும் இதன் இரை. கீழ்த்தாடையின் நுனிச் செதில் ஒடுங்கி ஒரு பள்ளத்துக்குள் அமைந்திருப்பதால் வாய் மிக அகலமாகத் திறக்கும். கெளுத்தியின் முள்ளோடு சேர்த்து அப்படியே விழுங்கிவிடும்.

இதன் பெயருக்கு நீண்ட கதை இருக்கிறது. 1803-இல் டோடன் என்ற பிரெஞ்சு அறிஞர் ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ் என்று பெயரிட்டார். பிறகு தாடை அமைப்பின் தனித்தன்மையைக் காட்டி என்ஹைட்ரினா என்ற தனிப் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தனித் தொகுதிக்கு, மாற்றினார்கள். 2013 வாக்கில் டிஎன்ஏ ஆய்வு வந்தபின் மறுபடியும் பழைய பேரினத்துக்கே கொண்டுவந்தார்கள். அதைவிட வியப்பான செய்தி ஒன்று அதே காலத்தில் வந்தது. ஆஸ்திரேலியக் கடலிலும் இதே அலகு, இதே தாடையோடு ஒரு பாம்பு இருக்கிறது. இரண்டும் ஒரே இனம் என்றே எண்ணியிருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் அவை நெருங்கிய உறவே இல்லை. ஒரேவித இரையும் ஒரேவித வாழிடமும் இரண்டு வெவ்வேறு பரம்பரைகளை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. கண்ணால் பார்த்து மட்டும் உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று எது?

கடல் வாழ்க்கைக்கு ஏற்ப உடலே மாறியிருக்கிறது. வால் பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்பு ஆகிவிட்டது. மூக்குத் துவாரங்கள் மேலே நகர்ந்து, மூழ்கும்போது அடைத்துக்கொள்கின்றன. நுரையீரல் ஏறத்தாழ உடல் முழுக்க நீள்கிறது. மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு வரை தோல் வழியாகவே எடுத்துக்கொள்ளும். மிகுதியான உப்பை நாக்கின் அடியிலுள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. ஆனாலும் கடல்நீர் இதன் தாகத்தைத் தீர்க்காது. மழை பெய்து கடல் மேல் நல்ல தண்ணீர் படலமாக நிற்கும்போதுதான் மஞ்சள் வயிற்றுப் பாம்பு குடிக்கிறது. உப்புநீருக்குள்ளேயே வாழும் உயிர் மழைக்குக் காத்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க ஆச்சரியம்தான்.

மீனைக் கடித்த இடத்திலேயே முடக்காவிட்டால் அது நழுவி ஓடிவிடும், அதனால் விஷத்துக்கு வேகம் வேண்டும். அதிலுள்ள நச்சு, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மறிக்கிறது, நல்லபாம்பின் விஷம் செய்வதும் இதே வேலைதான். வலைக்கடியன் விஷம் மனிதத் தசைகளையும் சிதைக்கும். 1950-களில் பினாங்கில் கடிபட்ட மீனவர்களைக் கவனித்த மருத்துவர் ரீட் இதைத் தெளிவாகப் பதிவு செய்தார். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் வலித்து விறைக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சிறுநீரகம் செயலிழக்கலாம். பெரும்பாலான கடிகளில் விஷம் ஏறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கடித்த நேரத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது.

நம் அரசு மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருபவர்கள் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். பங்காளியே ஆனாலும் கடல் பாம்பின் விஷத்துக்கு அந்த மருந்து கைகொடுப்பதில்லை. வலைக்கடியனின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்திச் செய்யும் தனி மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. அது கையில் இல்லாத ஊரில் செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும்தான் உயிரைக் காக்கும். ஆகவே வலி இல்லையே என்று காத்திராமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், இந்த இரண்டு வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.