குத்து கிளம்பும் முன்னே குதிகால் சொல்லிவிடும்

"பத்து வருடம் கராத்தே பழகியவர், மூன்று வருடம் எம்எம்ஏ (பல சண்டைக் கலைகளைக் கலந்த போட்டிமுறை) பழகியவரிடம் எப்படித் தோற்றுப்போகிறார்? பாரம்பரியக் கலைகள் எல்லாம் ஏமாற்றா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்தக் கராத்தேக்காரர் எப்படிப் பழகினார் என்று கேட்பேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால், கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறக்குறைய 200 மில்லி விநாடி ஆகும். எந்த விளக்கு எரியும் என்று தெரியாமல் பல விளக்குகள் இருந்தால் இன்னும் தாமதமாகும். 1952இல் வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் இதை அளந்து காட்டினார். பயிற்சி பெற்றவரின் நேர்க்குத்தோ, கிளம்பியதிலிருந்து 200 மில்லி விநாடிக்குள் முகத்துக்கு வந்துவிடும். அப்படியென்றால் முஷ்டியைப் பார்த்த பிறகு தடுப்பது நடக்காத காரியம். ஆனாலும் நல்ல வீரர்கள் தலையை விலக்கிக்கொள்கிறார்களே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கை வேகமாக முன்னே பாய்ந்தால் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடம்பு பின்னே தள்ளப்படும். சும்மா விட்டால் தடுமாறிவிடுவோம். அதனால் கைக்குக் கட்டளை போவதற்கு முன்பே மூளை கால், இடுப்பு, முதுகுத் தசைகளை இறுக்கி உடம்பைத் தயார் செய்துவிடுகிறது. 1967இல் சோவியத் ஆய்வாளர்கள் நின்றிருந்தவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி, தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். தோள்தசை துடிப்பதற்கு முன்பே தொடைத்தசை துடித்திருந்தது! கை தூக்கும் வேலையைக் கால்தான் முதலில் தொடங்குகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வலது தோளும் வலது பாதத்தின் ஓரமும் சுவரில் ஒட்டும்படி நின்று, இடது காலைத் தூக்கிப் பாருங்கள். தூக்கி நிற்க முடியாது. காலைத் தூக்கும் முன் உடல் எடை வலப்பக்கம் சாய வேண்டும். சுவர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் அந்தச் சாய்வு நமக்குத் தெரியாமலேயே நடந்து வந்திருக்கிறது.

குத்துகிறவரின் உடம்பும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பின்கால் குதி எழும், இடுப்பு திரும்பும், தோள் லேசாக இறங்கும், அப்புறம்தான் முஷ்டி கிளம்பும். தேர்ந்த வீரரின் மூளை இந்த முன்னசைவுகளைப் படித்துவிடுகிறது. அந்தப் படிப்புக்கு ஆசான், மூளை செய்யும் தவறுகள்தான்: இப்படி வரும் என்று மூளை கணித்தது, வேறு மாதிரி வந்தது, அந்த வித்தியாசத்தை வைத்துச் சிறுமூளை தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே தவறு நடக்க வேண்டும். எதிரில் இருப்பவர் உண்மையிலேயே நம்மைத் தொட முயல வேண்டும், முன்னசைவை மறைக்க வேண்டும், பொய்யாகக் காட்டவும் வேண்டும்.

பல பாரம்பரிய வகுப்புகளில் ஜோடிப் பயிற்சியில் எந்தக் கை, எந்த உயரம், எப்போது என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிடுகிறது. கண்ணுக்குப் படிக்க எதுவுமில்லை. ஆயிரம் முறை செய்தாலும் அசைவுதான் அழகாகும்.

இந்தக் குறையைச் சரிசெய்த முன்னோடி ஒருவரும் பாரம்பரியத்திலிருந்து வந்தவர்தான். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆபத்தான அடிகளைக் கட்டாவில் (முன்பே வகுத்த அசைவு வரிசையில்) மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ரண்டோரி என்ற தடையற்ற பயிற்சியில் முழு வலுவோடு பழகவிட்டார். கொடிய அடிகளை விலக்கியதால்தான் நிஜமாக மோத முடிந்தது. கோடோகானில் பழகிய மிட்சுயோ மயேடா பிரேசில் போனார். அவரிடமிருந்து அந்நாட்டின் கிரேசி குடும்பத்துக்குக் கலை போனது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில், கூண்டுக்குள் பல கலைக்காரர்கள் மோதும் யூஎஃப்சி போட்டி முதல்முறையாக நடந்தபோது எடைப் பிரிவே கிடையாது. அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். எம்எம்ஏ வளர்ந்தது அங்கிருந்துதான்.

கராத்தேயும் அந்தக் கூண்டுக்குள் தோற்றே போய்விடவில்லை. தந்தையிடம் ஷோட்டோகான் வகைக் கராத்தே கற்ற லியோட்டோ மச்சீடா 2009இல் யூஎஃப்சி பட்டம் வென்றார். தூரத்தைக் காத்து, எதிராளி எடையை மாற்றும் கணத்தில் பாய்வது அவர் பாணி. அவர் அதை மல்யுத்தக்காரர்களோடும் மோதிக் கூர்தீட்டியிருந்தார்.

தொடாமலே வீழ்த்தும் சக்தி தங்களுக்கு உண்டு என்று சில குருக்கள் சொல்கிறார்களே, அது மூடநம்பிக்கை என்று உறுதியாகச் சொல்வேன். அங்கே மாணவர்கள் விழுவது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குரு கையை அசைத்தால் விழ வேண்டும் என்று அவர்கள் மூளையும் வருடக்கணக்கில் கணிக்கப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத வெளியாள் மட்டும் விழுவதில்லை.

சரி, எவ்வளவு வலுவாக மோதிப் பழக வேண்டும்? மிக மெதுவாகக் குத்தினால் முன்னசைவும் சிறுத்துப்போகிறது. தினமும் முழு வேகத்தில் தலையில் வாங்கினால் மூளை சேதமடைகிறது. இரண்டுக்கும் நடுவே எந்த அளவு போதும் என்பதை அளக்க, வீரர்களைப் பல வருடம் பின்தொடரும் ஆய்வுகள் வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் வசூலில் ஒரு பங்கை அதற்குக் கட்டாயம் தர வேண்டும். அந்த வசூலுக்காக அடி வாங்குகிற தலைகளின் கணக்கு அது.