வீட்டிலிருந்து வேலை செய்ய விண்ணப்பிக்கும் முன்

வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புதல் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிப்பதும், மேலாளர்களுடன் கலந்து பேசிப் பதில் எழுதுவதும் மனிதவளத் துறையில் என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. அவற்றுள் பலவற்றில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: “கொவிட் காலத்தில் வீட்டிலிருந்துதானே எல்லா வேலையையும் முடித்தோம், இப்போது மட்டும் ஏன் முடியாது?” கேள்வி நியாயமானதுதான். ஆயினும் அதை மட்டும் நம்பி எழுதப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் நிற்பதில்லை.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கி, அத்தியாவசியச் சேவைகள் நீங்கலாகப் பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்பட்டன. ஜூன் 1ஆம் தேதி அது முடிவுற்ற பின்னரும், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையை வீட்டிலிருந்தே செய்ய வேண்டும் என்ற விதி நெடுநாள் நீடித்தது. 2021இல் தளர்வதும் மீண்டும் இறுகுவதுமாக இருந்து, 2022 ஜனவரியில் பாதிப் பேரும் மார்ச் இறுதியில் முக்கால்வாசிப் பேரும் அலுவலகம் வரலாம் என்றாகி, ஏப்ரல் 26 முதல்தான் அனைவரும் திரும்ப அனுமதி கிடைத்தது. ஆக, அந்த ஈராண்டு ஏற்பாடு ஊழியர் கேட்டுப் பெற்றதும் அன்று, நிறுவனம் மனமுவந்து தந்ததும் அன்று. சட்டம் இட்ட கட்டளை. வாடிக்கையாளரும் வீட்டில்தான் இருந்தார் என்பதால் தாமதங்களை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்தப் பொறுமை இன்று யாரிடமும் இல்லை. ஊழியர் அக்காலத்தைத் தம் திறமைக்குச் சான்றாகப் பார்க்கிறார். மேலாளரோ வேறு வழியின்றிச் சகித்துக்கொண்ட காலமாகப் பார்க்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

இதற்கிடையே வாழ்க்கை மாறிவிட்டது. தீவின் வடகிழக்கே பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கிக்கொண்டு மேற்கே ஜூரோங்கில் வேலை பார்ப்பவர், போக வர ரயிலில் செலவான நேரம் தம் கைக்குத் திரும்பி வந்ததை மறப்பதற்கில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, முதிய பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது எல்லாம் அந்த நேரத்தை நம்பியே அமைந்துவிட்டன. கூடவே ஒரு கெட்ட வழக்கமும் ஒட்டிக்கொண்டது: இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் உடனே பதில் வேண்டும் என்று எதிர்பார்ப்பது. வேலை நேரத்திற்குப் பிந்திய தொடர்புகளுக்கு ஒரு வரையறை வகுக்குமாறு வேலையிட மனநலம் குறித்து அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு 2020 நவம்பரிலேயே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதைப் படித்த மேலாளர்கள் என் கண்ணில் அதிகம் படவில்லை.

2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு விண்ணப்பங்களுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் பருவத்தை முடித்த ஊழியர் எவரும் முறைப்படி விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். முறையாகப் பரிசீலிப்பதுதான் முதலாளியின் கடமை; ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பது இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வது இதில் ஒரு வகைதான். வேலை நேரத்தை மாற்றிக்கொள்வதும் வேலைப் பளுவைக் குறைத்துக்கொள்வதும் அடங்கும். எனவே பேருந்து ஓட்டுநரோ பாதுகாவலரோ தமக்கு இதில் ஒன்றுமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் தேதி, கேட்கும் ஏற்பாட்டின் வகை, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு காலத்திற்கு, காரணம், தொடங்கும் நாள் ஆகியவை இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் பணிபுரியும் பெண் ஒருவர், “அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறேன்” என்று எழுதினார். எந்த நாள்கள், அச்சிட்டுக் கையொப்பமிட வேண்டிய மூல ஆவணங்களை யார் கவனிப்பார் என்று மேலாளர் கேட்டார். அவர் மாற்றி எழுதியது இப்படி இருந்தது: தாயாருக்கு டயாலிசிஸ் நடக்கும் செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து, காலை 7.30க்கு வேலை தொடங்கும்; சிகிச்சை நிலையத்தில் விட்டு வரும் 10 முதல் 11.30 வரை தொடர்பில் இருக்க இயலாது, அந்நேரத்தை மாலையில் ஈடுசெய்வார். மூல ஆவணங்களை முந்தைய நாள் மாலையே முடித்துவைப்பார். அவசரம் என்றால் உதவச் சக ஊழியர் ஒருவர் இசைந்திருக்கிறார். மூன்று மாதம் நடத்திப் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம். மேலாளர் செவ்வாய்க்கிழமைக்கு ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை ஆவணங்கள் குவியும் நாள் என்பதால் அன்று அலுவலகத்திற்கு நண்பகலில் வந்து தாமதமாகச் செல்ல இடமளித்தார். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. தாயாரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் சிக்கல் தீர்ந்தது.

மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. செலவு கணிசமாகக் கூடும், உற்பத்தித்திறன் குறையும், வேலையின் தன்மைக்கு ஒத்துவராது என்பவை ஏற்கத்தக்க காரணங்கள். நிர்வாகத்திற்கு இதில் நம்பிக்கை இல்லை, எங்கள் நிறுவனத்தில் இப்படி வழக்கமில்லை, நன்றாக வேலை செய்பவராயினும் கண்ணெதிரே இருந்தால்தான் நிம்மதி என்பவற்றை நெறிமுறைகளே ஏற்பதில்லை. டீம்ஸ் செயலியில் ஒருவர் பெயருக்கருகே பச்சைப் புள்ளி எரிகிறதா என்று நாள் முழுதும் பார்த்திருப்பதும் அந்தக் கடைசி வகைதான். புள்ளி எரிவதற்காகவே சுட்டியை அவ்வப்போது அசைத்துவைப்பவர்களை நான் அறிவேன். எத்தனை ஆவணம் முடிந்தது என்பதை அந்தப் புள்ளி சொல்லாது.

ஊருக்குப் போய் ஒரு மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கலாமா என்ற கேள்வி நம்மவரிடமிருந்து நிறைய வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்யக் கிடைத்த ஒப்புதலை வெளிநாட்டிலிருந்து வேலை செய்யக் கிடைத்ததாகக் கொள்ளக் கூடாது. வருமான வரி, வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பு, வேலை அனுமதி என்று வேறு சிக்கல்கள் அதில் உண்டு. சென்னைக்கோ ஜோகூர் பாருவுக்கோ புறப்படும் முன் தனியாக எழுத்தில் கேளுங்கள்.

ஒப்புதல் கிடைத்தவர்கள் மின்கட்டண ரசீதுகளை எடுத்து வையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடிய மின்கட்டணத்தை, நிறுவனம் திருப்பித் தராதவரை, சிங்கப்பூர் வருமான வரியில் கழிவாகக் கோரலாம். வீட்டில் இருவர் அவ்வாறு வேலை செய்தால் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கிய மேசைக்கும் நாற்காலிக்கும் கழிவு கிடையாது.

இரண்டு மாதமாகியும் பதில் வராவிட்டால், விண்ணப்பத் தேதியைக் குறிப்பிட்டு முதலில் மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால், நியாயமான, முற்போக்கான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியை அணுகலாம். வாய்மொழியாகக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பியதும் அங்கே முறைப்படியான விண்ணப்பமாக எடுபடுவது கடினம். தேதியோடும் விவரங்களோடும் அனுப்பிய மின்னஞ்சலின் நகலைக் கையில் வைத்திருங்கள்.