மூன்றாம் நாள் பால் கட்டும்போது

முதல் இரண்டு நாள் ஒழுங்காகக் குடித்த குழந்தை, மூன்றாம் நாள் மார்பில் வாய் வைத்ததும் வழுக்கி விலகுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுகிறது. அம்மாவின் மார்போ கல்லாகக் கனக்கிறது, தோல் இழுபட்டுப் பளபளக்கிறது. "பால் பத்தல, பவுடர் பால் கரைச்சுக் குடுங்க" என்று பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். உண்மையில் பால் வந்துவிட்டதால்தான் இந்தச் சிக்கல். குழந்தை கவ்வ வேண்டிய இடம் இறுகிப்போய்ப் பிடிகொடுக்கவில்லை. அந்த இடத்தைச் சில நிமிடங்களில் இளக்கிவிடலாம். இது தெரியாமலே எத்தனையோ வீடுகளில் மூன்றாம் நாளில் புட்டி நுழைந்துவிடுகிறது.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் மளமளவென்று சரியும். அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த பால் சுரப்பு, பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் தூண்டுதலால் 2 முதல் 4 நாளுக்குள் பெருக்கெடுக்கும். கூடவே மார்புக்கு ரத்த ஓட்டமும் கூடி, திசுக்களுக்கு இடையில் நீர் கோத்துக்கொள்ளும். பிரசவத்தின்போது டிரிப்ஸ் நிறைய ஏறியிருந்தால் வீக்கம் இன்னும் அதிகம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் அந்த நீர் தேங்கும்போது காம்பு தட்டையாகிவிடுகிறது.

குழந்தை காம்பை மட்டும் சப்பிப் பால் குடிப்பதில்லை. கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வ வேண்டும். அப்போதுதான் காம்பின் நுனி, மேலண்ணத்தின் கடினப் பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடம்வரை போய்ச் சேரும். நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் கூடி, பால் பாய்கிறது. ஊதிய பலூனை வாயால் கவ்வ முயன்றால் எப்படி வழுக்குமோ, இறுகிய கருவட்டமும் அப்படித்தான் வழுக்கும். குழந்தைக்குக் கிடைப்பது காம்பின் நுனி மட்டுமே. அதை ஈறுகளுக்கு இடையில் நசுக்குவதால் அம்மாவுக்கு வலி, குழந்தைக்குப் பசி.

இளக்கும் முறை எளிது. நகத்தை வெட்டி, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் வீக்கம் பின்னோக்கி வடியும். இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியை ஒட்டிச் சுற்றிலும் பூப்போல வையுங்கள். நெஞ்சை நோக்கி நேராக, சீராக அழுத்துங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். வீக்கம் அதிகமென்றால் இரண்டு மூன்று நிமிடம். விரலை எடுத்துப் பார்த்தால் பிசைந்த மாவில் பதிந்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். தேங்கிய நீர் பின்னுக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கருவட்டம் காதுமடல்போல் மெத்தென்று ஆகியிருக்கும். உடனே குழந்தையை மார்பில் போட வேண்டும். தாமதித்தால் நீர் திரும்பிவிடும்.

இளக்கிய பிறகும் கவ்வவில்லையென்றால் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி எதிரெதிரே இருக்கட்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி, விடுங்கள். விரல் தோலில் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. பீய்ச்சிய பாலைப் பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) புகட்டலாம். குழந்தை விழித்திருக்க வேண்டும், தலை உயர்ந்திருக்க வேண்டும். பாலாடையின் மூக்கு உதட்டோரத்தில் பட்டால் போதும், குழந்தையே உறிஞ்சி விழுங்கும். தொண்டையில் சாய்த்து ஊற்றினால் புரையேறும்.

பால் கட்டினால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் வேறு திசையில். பால் நிறுத்துவதற்காக மல்லிகையைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஓர் ஆய்வு வெளியானது. பூ வைத்த பெண்களுக்கும் புரோலாக்டின் குறைந்தது. பால் கொடுக்க விரும்பும் தாய் மார்பில் மல்லிகையை வைக்க வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறோம். வீக்கத்துக்குக் குளிர்ந்த ஈரத்துணியே நல்லது. வெந்நீர் ஒத்தடம் பால் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் போதும். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடத்தான் செய்யும்.

சிலருக்குக் காம்பு இயல்பிலேயே உள்ளடங்கியிருக்கும். அதற்கு ஒரு சிரிஞ்ச் போதும் என்று கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் 1993இல் எழுதினார்கள். 10 அல்லது 20 மி.லி. புதிய சிரிஞ்சில் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை உருவி, வெட்டிய பக்கம் வழியாகச் செருகுவார்கள். வழுவழுப்பான மறுமுனைதான் மார்பில் படும். வெட்டிய பக்கம் கீறிவிடும். தண்டை மெதுவாக இழுத்து, காம்பு வெளியே வந்ததும் அரை நிமிடம் நிறுத்த வேண்டும். எடுக்கும் முன் தண்டைச் சற்று உள்ளே தள்ளி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் பால் கொடுக்கும் முன் செய்யலாம். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

குழந்தை சரியாகக் கவ்வியிருந்தால் வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், முகவாய் மார்பில் புதையும். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோல் ஒருபக்கம் சப்பையாக இருந்தால் நசுங்கியிருக்கிறது. வெடிப்பும் புண்ணும் அங்கேதான் தொடங்கும். கவ்வலைத் திருத்தாமல் களிம்பு மட்டும் தடவினால் ஆறாது. வலித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி போடுங்கள். எத்தனை திருத்தியும் காம்பு நசுங்கிக்கொண்டே இருந்தால், நாக்கின் அடிச்சவ்வு இறுகியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்குமேல் குறைந்தாலோ, பாலுக்குக்கூட விழிக்காமல் துவண்டு தூங்கினாலோ, மஞ்சள் காமாலை கூடினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தாய்க்கு மார்பின் ஒருபக்கம் சிவந்து, 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் குளிரும் வந்தாலும் அப்படியே. அந்த நிலையிலும் அந்தப் பக்கத்துப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.