நான்கு மாதத்தில் மூன்று பேரிங்

மெக்கானிக்கல் பொறியியல் படித்துவிட்டுக் கோவையில் ஆலைப் பராமரிப்புப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குளிர்நீர் பம்பு ஒன்று என்னைப் படாத பாடு படுத்தியது. 45 மில்லிமீட்டர் தண்டு, அதைத் தாங்கிச் சுழலவிடும் 6309 ரகப் பேரிங், நிமிடத்துக்கு 1,480 சுற்று. வருடக்கணக்கில் ஓட வேண்டிய பேரிங் நான்கே மாதத்தில் மூன்று முறை போனது. ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு ஒட்டினால், அம்மியில் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு கேட்கும். கை வைக்க முடியாத சூடு. கழற்றிப் பார்த்தால் கிரீஸ் கருகித் தார் போல இருக்கும். உள்வளையத்தின் ஓடுபாதையில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். பேரிங் தரமில்லை என்று கொள்முதல் பிரிவோடு சண்டை போட்டேன். கிரீஸை மாற்றினேன். பலனில்லை.

மூன்றாவது முறை, பணி ஓய்வுக்கு இரண்டு வருடமே இருந்த ஃபிட்டர் ஒருவர் வந்தார். “பேரிங்கை விடுங்கள் தம்பி. குழாயைக் கொஞ்சம் பார்ப்போம்” என்றார். முதலில் மோட்டாரின் மின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இதைப் படிக்கும் மாணவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் கை வைத்திருக்கும்போது, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் விவரம் தெரியாமல் பம்பை ஓடவிட்டால் விரல்கள் மிஞ்சாது.

பிறகு, நூலளவு நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் கப்ளிங்கில் பொருத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். வெளியேற்றுக் குழாயைப் பம்போடு இணைக்கும் ஃபிளேஞ்ச் எனும் வளையத்தட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார். கடைசிப் போல்ட்டும் கழன்றதும் குழாய் ‘டங்’கென்று இரண்டு விரல் அகலம் பக்கவாட்டில் விலகி நின்றது. முள் 0.4 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அந்த பம்புக்கு நாங்கள் வைத்திருந்த வரம்பு 0.05.

குழாய் போட்டவர்கள் அளவு சேராத குழாயைச் சங்கிலி பிளாக்கால் இழுத்து வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இழுப்பு முழுவதையும் பம்பின் உடல் தாங்கியது. தண்டின் நேர்க்கோடு கெட்டது. பாரம் பேரிங்கில் போய் விழுந்தது. பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. கல்லூரியில் இந்தச் சூத்திரத்தில் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனாலும் என் கண்முன்னே அது நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. குழாயை வெட்டி, அளவு சேர்த்து மறுபடி பற்றவைத்து, கீழே ஒரு தாங்கி கொடுத்தோம். நான் அந்த ஆலையை விட்டு வரும்வரை அந்த பம்பு பேரிங் கேட்கவில்லை.

கலந்தாய்வுக் காலம் வந்தால், “மெக்கானிக்கல் எடுக்கலாமா, வேலை கிடைக்குமா” என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த பம்பின் கதையைத்தான் சொல்கிறேன். ஏனென்றால் இத்துறையின் பல வேலைகள் இந்த ஒரு பம்பைச் சுற்றியே இருக்கின்றன.

குழாய் சூடானால் எவ்வளவு நீளும், பம்பின் வாயில் எவ்வளவு இழுப்பு விழும் என்று கணிப்பதையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். சுத்திகரிப்பு ஆலைகளையும் மின்நிலையங்களையும் வடிவமைக்கும் அலுவலகங்களில் அவர்கள் இல்லாமல் வேலை நகராது. ஒரு மீட்டர் எஃகுக் குழாய், 100 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். 50 மீட்டர் நீராவிக் குழாய்க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த வேலையின் அருமை புரியும்.

அதிர்வுப் பகுப்பாய்வு இன்னொரு துறை. நாங்கள் ஸ்க்ரூடிரைவரால் கேட்டதை அவர்கள் உணர்மானியால் அளந்து, எந்த அலைவெண்ணில் அதிர்வு எழுகிறது என்பதை வைத்து, கோளாறு உள்வளையத்திலா, வெளிவளையத்திலா, தண்டின் நேர்க்கோட்டிலா என்று பேரிங் போவதற்கு முன்பே சொல்வார்கள். இதற்குச் சர்வதேசத் தரத்தின்படி நான்கு படிநிலைச் சான்றிதழ்கள் உள்ளன.

ஆற்றல் தணிக்கையை இளைஞர்கள் பலர் கவனிப்பதே இல்லை. வால்வைப் பாதி மூடி நீரைக் குறைக்கும் ஆலைகள் இன்றும் ஏராளம். குழாய் உராய்வே பெரும்பகுதிச் சுமையாக இருக்கும் இடத்தில், பம்பின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே, ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இன் கீழ், தேர்வெழுதிச் சான்று பெறும் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அரசுத் துறை வேண்டுமென்றால் திருச்சி பெல், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகம் என்று இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான தேர்வுகளில் போட்டி கடுமை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கச் சம்பளம், குறிப்பாகச் சிறு ஆலைகளில், மென்பொருள் வேலையோடு ஒப்பிட்டால் குறைவு. இரவுப் பணியும் உண்டு. முதல் நான்கைந்து வருடம் பொறுமை தேவைப்படும். இந்தத் தயக்கத்தைத்தான் சில பயிற்சி மையங்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. “மூன்று மாத கேட் (CAD, கணினியில் வரைபடம் போடும்) பயிற்சி, வேலை உறுதி” என்று பெருந்தொகை கேட்டால், எந்த நிறுவனம், என்ன பதவி, என்ன சம்பளம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள். வரைபடம் போடும் மென்பொருளை யாரும் கற்றுக்கொள்ளலாம். அதில் எழுதும் 45 என்ற அளவுக்குப் பக்கத்தில் எத்தனை மைக்ரான் கூடுதல் குறைவு விடலாம் என்பது, தண்டையும் பேரிங்கையும் கையில் எடுத்து அளந்தவர்களுக்கே பிடிபடும்.

ஆகவே கல்லூரி தேர்ந்தெடுக்கப் போகும்போது கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத்தின் அடியில் உலோகச் சுருள் கிடக்கிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே கருவி எண்ணெய்த்தாள் பிரிக்காமல் புத்தம்புதிதாக இருந்தால், அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.